வேன் ஓட்டுநரிடம் கேட்ட கேள்வி

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், கரூர் நெரிசல் செய்தியை டிவியில் பார்த்ததிலிருந்து கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ வர மறுக்கிறாள். செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அவள் வந்தாலே சேனலை மாற்றிவிடுகிறோம். எத்தனை பேர் செத்தார்கள் என்று பள்ளி வேன் ஓட்டுநரிடம் கேட்டாளாம். பயத்தை எப்படிப் போக்குவது?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், வேன் ஓட்டுநரிடம் கேட்டாளாம் என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான். பெற்றவர்கள் இருவர் இருக்கும் வீட்டில், சாவைப் பற்றிக் கேட்க ஒரு குழந்தை வெளியாளைத் தேடிப் போயிருக்கிறது. அவர்மேல் தவறில்லை. நீங்கள் சேனலை மாற்ற மாற்ற, இதையெல்லாம் வீட்டில் கேட்கக் கூடாது என்று அவள் புரிந்துகொண்டாள்.

சாலையில் சிதறிக் கிடந்த செருப்புகளை அன்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவள் பார்த்திருப்பாள். தன் செருப்பு தொலைந்துவிடக் கூடாது என்று பத்திரப்படுத்துகிறாளோ என்னவோ. "ஏன் கண்ணு இங்கே வைக்கிறாய்?" என்று ஒருவராவது கேட்டீர்களா?

இன்றிரவு டிவியை அணையுங்கள். கணவரும் பக்கத்தில் உட்காரட்டும். இது அம்மாவின் வேலை என்று எழுந்து போகக் கூடாது. அவளுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். பிறகு உள்ளதைச் சொல்லுங்கள்: 2025 செப்டம்பர் 27 அன்று ஓரிடத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்ந்தது, நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. "சாமியிடம் தூங்கப் போய்விட்டார்கள்" என்று மழுப்பினால் அப்புறம் தூங்கவே பயப்படுவாள். நமக்கு நடக்கவே நடக்காது என்று சத்தியமும் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு உன்னை அழைத்துப் போக மாட்டோம், எங்கே போனாலும் ஓரமாக நிற்போம், நெருக்கம் கூடுமுன் கிளம்பிவிடுவோம் என்று சொல்லுங்கள். சொன்னால் காப்பாற்றுங்கள்.

காணும் பொங்கலன்று மெரினாவில் காவலர்கள் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண்ணோடு பட்டை கட்டிவிடுவார்கள். அதைச் சொல்லி, உங்கள் எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். பயந்த பிள்ளைக்குக் கையில் ஒரு காரியம் வேண்டும்.

கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கூட்டமில்லாத ஒரு காலையில், அவள் சம்மதித்தால் போங்கள். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

அதுவரை செருப்பு தலைமாட்டிலேயே இருக்கட்டும். அவளாக எடுத்து வாசலில் வைக்கும்வரை நீங்கள் தொடாதீர்கள்.