லூப்பில் கோளாறா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டே கம்பி. மின்சாரமும் சிக்னலும் அதிலேயே எப்படிப் போகின்றன? (மணலி)

களத்தில் அளவெடுத்து அனுப்பும் கருவி டிரான்ஸ்மிட்டர்; அதையும் கண்ட்ரோல் ரூமையும் இணைக்கும் கம்பிச் சுற்றுதான் லூப். டிரான்ஸ்மிட்டர் தன் சொந்தத் தேவையை 4 மில்லிஆம்பியருக்குள் முடித்துக்கொள்கிறது. அதற்கு மேல், அளவுக்குத் தக்கபடி 20 வரை கூட்டி இழுக்கிறது. இழுக்கும் கரண்ட்தான் சிக்னல். பூஜ்யத்துக்கு 4 என்று வைத்திருப்பதால், கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: சப்ளை 24 வோல்ட். லெவல் ரீடிங் 80 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. (தூத்துக்குடி)

டிரான்ஸ்மிட்டருக்குச் சுமார் 12 வோல்ட் வேண்டும். மீதி 12 வோல்ட், 20 மில்லிஆம்பியரில் 600 ஓம் தடைக்குத்தான் காணும். கண்ட்ரோல் ரூமில் சிக்னலை வாங்கும் கார்டுக்கு 250, வெடி அபாயப் பகுதிக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் பாரியருக்கு 300 அளவில் போய்விட்டது. பிறகு யாரோ ரீடிங் காட்டும் இண்டிகேட்டர் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்; அதன் தடைக்கு வோல்ட் மிஞ்சவில்லை. லூப்பை மேனுவலில் (தானியங்கிக் கட்டுப்பாட்டை விட்டு ஆள் கையில்) போடச் சொல்லிவிட்டு, 20 மில்லிஆம்பியர் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

கேள்வி: ரீடிங் தப்பாக வருகிறது. என்ன செய்வது?

எந்தக் கருவி, எவ்வளவு தப்பு, எப்போதிலிருந்து? இவை இல்லாமல் கடிதம் எழுதினால் நான் என்ன சொல்ல முடியும்? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்தால் இரட்டைப் பாதுகாப்புதானே? (ஓசூர்)

இல்லவே இல்லை. ஷீல்ட் என்பது மின் இரைச்சலைத் தடுக்கக் கேபிளில் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. களத்து எர்த்தும் கண்ட்ரோல் ரூம் எர்த்தும் ஒரே வோல்ட்டில் இருப்பதில்லை. இரண்டையும் ஷீல்டால் இணைத்தால் அதிலேயே கரண்ட் ஓடும். இரைச்சலைத் தடுக்க வைத்ததே இரைச்சலைக் கொண்டுவரும். ஓர் ஆலையில் பெரிய பம்ப் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஃப்ளோ ரீடிங் துள்ளியது. கார்டை மாற்றினார்கள், டிரான்ஸ்மிட்டரையும் மாற்றினார்கள். நான் டிரான்ஸ்மிட்டர் மூடியைத் திறந்தேன். ஷீல்ட் கம்பி, பச்சை ஸ்லீவ் போட்டு, உள்ளே எர்த் திருகில் அழகாக முறுக்கப்பட்டிருந்தது. கழற்றினேன், துள்ளல் நின்றது. களத்து முனையில் ஷீல்டை வெட்டி, கருவியின் உடலில் படாமல் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். கேபிள்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் ஒவ்வொரு ஷீல்டுக்கும் தனி டெர்மினல் கொடுங்கள். எர்த் கண்ட்ரோல் ரூமில் மட்டும். கம்பியைத் தொடும் முன் லூப் மேனுவலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அபாயத்தில் தானாக நிறுத்தும் இன்டர்லாக் இருந்தால், அதைத் தற்காலிகமாக விலக்கிவைக்க பைபாஸ் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: 4 கம்பி டிரான்ஸ்மிட்டரை 2 கம்பி கார்டில் மாட்டினேன். வேலை செய்யவில்லை.

இரண்டுமே லூப்புக்குச் சப்ளை கொடுக்கின்றன. ஒரு லூப்புக்கு ஒரு சப்ளைதான். கார்டைச் சப்ளை கொடுக்காத பாஸிவ் இன்புட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மேஜையில் 24 வோல்ட் கொடுத்தும் ஹார்ட் கம்யூனிகேட்டர் டிரான்ஸ்மிட்டரைக் காணவில்லை. (நெய்வேலி)

வரிசையில் 250 ஓம் தடை போட்டீர்களா? கம்யூனிகேட்டர் அதே இரண்டு கம்பியில் டிஜிட்டல் சிக்னலால் (ஹார்ட்) பேசுகிறது; அந்தத் தடை இல்லாவிட்டால் சிக்னலைச் சப்ளையே விழுங்கிவிடும்.