ஈ.சி.ஈ. முடித்த மகளுக்கு ஐ.பி. டெலிபோனி கைகொடுக்குமா?

"லேண்ட்லைனே ஒழிந்துகொண்டிருக்கிறது, இதைப் போய்ப் படிக்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐ.பி. டெலிபோனி என்பது போன் பேச்சைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியே அனுப்புவது. லேண்ட்லைன் ஒழிவதால்தான் அதில் வேலையே இருக்கிறது. பழைய ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியையும் (கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச்) பி.ஆர்.ஐ. லைனையும் (ஒரே இணைப்பில் 30 பேச்சு போகும் லைன்) நம்பியிருக்கும் மருத்துவமனை, ஹோட்டல், ஆலைகளை சிப் (SIP) டிரங்குக்கு, அதாவது நெட்வொர்க் வழியே வரும் போன் லைனுக்கு மாற்ற, பழையது புதியது இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

லட்ச ரூபாய் கோர்ஸ் இப்போது வேண்டாம். முதலில் சி.சி.என்.ஏ. (சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழ்) அளவுக்கு நெட்வொர்க் அடிப்படை. பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ், அதில் கம்ப்யூட்டரையே போன் எக்ஸ்சேஞ்சாக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள், இரண்டும் இலவசம். இரண்டு மொபைலில் லின்ஃபோன் ஆப் போட்டு 1001, 1002 என்று எக்ஸ்டென்ஷன் கொடுத்துப் பேசிப் பார்க்கட்டும். பாஸ்வேர்டையும் 1001 என்றே வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். வேலையில் அப்படி வைத்தால் எவனோ ஐ.எஸ்.டி. பேசுவான், பில் கம்பெனிக்கு வரும்.

அடுத்து, வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். சர்வரை இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் வைத்து, அழைப்பை இணைக்கும் செய்திகள் வரும் 5060 போர்ட்டையும் குரல் போகும் ஆர்.டி.பி. போர்ட்டுகளையும் திறந்துவிட்டு, ஒரு மொபைலை வெளி ரவுட்டரிலிருந்து பேச வைக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும். சில சமயம் 32 வினாடியில் கால் தானாகக் கட்டாகும். நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால், சர்வர் தன் உள் முகவரியையே, அதாவது 192.168 என்று தொடங்குவதை, வெளியே சொல்லியிருப்பது தெரியும். குரல் அந்த முகவரிக்குப் போய்த் தொலைகிறது. அழைப்பை உறுதிசெய்யும் ஏ.சி.கே.யும் அங்கேயே போவதால் சர்வர் காத்திருந்து காத்திருந்து துண்டிக்கிறது. வெளி முகவரியை ஆஸ்டரிஸ்கில் குறித்து, ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி.யை (சிப் செய்திகளில் உள்ள முகவரியை ரவுட்டரே மாற்றும் வசதி) அணைத்தால் சரியாகிவிடும். இதை இன்டர்வியூவில் தெளிவாகச் சொல்பவரை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

கணக்கும் கேட்பார்கள். குரலை டிஜிட்டலாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 கோடெக்கில் குரல் 64 கே.பி.பி.எஸ்.; ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டும் முகவரித் தகவல்களான ஹெடர்கள் சேர்த்து ஈதர்நெட்டில் ஏறத்தாழ 87. 30 சேனல் பி.ஆர்.ஐ.க்கு ஈடாக ஒவ்வொரு திசையிலும் சுமார் 2.6 எம்.பி.பி.எஸ். ஒதுக்க வேண்டும்.

களத்தில் சிக்கல் மேஜை போனில் வருவதில்லை. லிஃப்ட் போன், ஃபேக்ஸ், அலாரம் லைன் என்று யாரும் பட்டியலில் எழுதாதவற்றில்தான் வரும். ஜி.729 கோடெக் பேச்சுக்காகச் சுருக்குவது, அதில் ஃபேக்ஸ் ஓடாது, ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறை வேண்டும். பழைய போன் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டில் ஓடியது. ஐ.பி. போனுக்கு மின்சாரம் தரும் சுவிட்சை யு.பி.எஸ்.ஸில் போடாவிட்டால் கரன்ட் போனதும் மொத்த ஆபீஸும் ஊமை.

ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள்: லைன் மாற்றும் வேலை பெரும்பாலும் ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் நடக்கும். வேலையில் சேரும்போது போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுக்கொள்ளட்டும்.