நந்தினிக்கு ஏன் இத்தனை வக்கீல்கள்?

கேள்வி: கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் நந்தினி, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்லும் சதியில் பங்கு கொண்டவள். ஆனாலும் ரசிகர்கள் பலர் அவளுக்காக வாதாடுகிறார்களே, இது சரியா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: காயம்பட்டுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் உயிருக்காக நந்தினி மன்றாடியும் ஆதித்த கரிகாலன் அவன் தலையைக் கொய்த காட்சிதான், 1950 முதல் 1954 வரை நாவல் தொடராக வெளிவந்த காலந்தொட்டு, அவளுடைய வழக்கறிஞர்களின் முதல் சாட்சி. அது வலுவான சாட்சியே. அதே கொடுஞ்செயலை வீரனின் ஆத்திரம் என்று கரிகாலனுக்கு மட்டும் மன்னித்துவிடுபவர்கள், அவளைப் பழிப்பதற்குச் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டதும் இரு தரப்புக்கும் வசதியாகப் போயிற்று.

ஆனால், நந்தினி இழைத்த அநீதிகளில் பெரியது கரிகாலனுக்கு எதிரானதன்று என்பது என் கருத்து. தன்னை முழுமையாக நம்பிய முதிய கணவர் பெரிய பழுவேட்டரையரின் அன்பையும் அதிகாரத்தையும் அவள் தன் சதிக்குக் கருவியாக்கினாள்; அவரோ இறுதியில் கொலைப்பழியைத் தாமே ஏற்று உயிரை மாய்த்துக்கொண்டார். வீரபாண்டியனுக்காகக் கண்ணீர் விடும் ரசிகர்கள் இந்த முதியவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. (கிழவர்களின் காதலுக்கு நம்மிடையே கேலிதானே கிடைக்கிறது!) நந்தினிக்காக இரங்குவதில் தவறில்லை, இரங்கியதாலேயே அவளைக் குற்றமற்றவள் என்று தீர்ப்பெழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.