கொள்ளைக்காரனின் கூட்டாளி: ஆர்க்கெஸ்ட்ரா பற்றிக் கொஞ்சம் கேள்வி பதில்

சென்னையில் பல வருஷம் சினிமா ரீரிக்கார்டிங்குக்கு, அதாவது பின்னணி இசைப் பதிவுக்கு, வயலின் வாசித்துவிட்டு இப்போது புதுச்சேரியில் வீட்டோடு இருக்கிறேன். பழங்காலத்துக் கொள்ளைக் கதைப் படங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு இது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: சார், எதைக் கேட்டுத் தொடங்கலாம்?

1978இல் வந்த ‘தி ஃபர்ஸ்ட் கிரேட் ட்ரெயின் ராபரி’. இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். 1855இல் லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டோன் போன ரயிலில் தங்கம் நிஜமாகவே களவு போனது, பெட்டியைத் தூக்குகிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று எடைக்கு எடை ஈயக் குண்டுகளைப் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மைக்கேல் கிரைட்டன் அதை வைத்து நாவல் எழுதி, படத்தையும் அவரே எடுத்தார். கதையில் நான்கு சாவி, நான்கையும் மெழுகில் பதித்து நகல் எடுக்க வேண்டும். கேட்டாலே நமக்குக் கை நடுங்குகிறது, ஆனால் இசை கோட்டு சூட்டுப் போட்டு விருந்துக்குக் கிளம்புகிற மாதிரி துள்ளிக்கொண்டு போகிறது. ஊரே திருடனைத் தேடினாலும் ஆர்க்கெஸ்ட்ரா அவன் கூட்டாளி. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

முதுநகரிலிருந்து: ரயில் காட்சிக்கு டிரம்ஸ் போதாதா?

போதும், ரெண்டே நிமிஷத்தில் சலித்துவிடும். முதுநகர்க்காரர் நீங்கள், ஜங்ஷனில் தண்டவாளம் மாறும்போது வண்டி போடுகிற தடக் தடக் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அந்தச் சத்தம், படத்தின் மற்ற ஓசைகளை வைக்கிற எஃபெக்ட்ஸ் டிராக்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், அதையே நாமும் அடித்தால் ரெண்டும் ஒன்றையொன்று அமுக்கும். அதனால் வயலினுக்குப் பெரியண்ணன்களான செல்லோவையும் டபுள் பாஸையும் ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாகத் திஸ்ரத்தில் ஓடவிட்டு, மேலே ஹார்ன் வாத்தியத்தில் நீளமாக ஒரு மெட்டைப் பிடிக்கலாம். கீழே ஓட்டம், மேலே நிதானம். கூரைமேல் நடக்கிற ஆள் அப்போதுதான் கம்பீரமாகத் தெரிவான், இல்லாவிட்டால் டிக்கெட் எடுக்காமல் ஏறியவன் மாதிரி இருக்கும்.

லாஸ்பேட்டையிலிருந்து: பூட்டு திறக்கிற நொடியில் அந்தப் பெரிய ஜால்ரா மாதிரி சிம்பல் எப்படி ஐயா சரியாக விழுகிறது?

வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் தாளத்துக்கு க்ளிக் க்ளிக் என்று ஒரு தட்டு ஓடும். ஃபிலிமில் நொடிக்கு 24 ஃப்ரேம், 12 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120. காட்சி தொடங்கும்போது முதல் தட்டு, பூட்டு திறப்பது 20 நொடி கழித்து என்றால் 41ஆவது தட்டில் அடி. கணக்குதான், மந்திரம் இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து: 1855 கதையில் சாக்ஸபோன் வைக்கலாமா?

அடால்ஃப் சாக்ஸ் 1846லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், காலக் கணக்கில் தப்பில்லை. ஆனாலும் வேண்டாம். நம் காதுக்கு அது கிளப் டான்ஸ்.

வில்லியனூரிலிருந்து: அண்ணே, 1760 ஆங்கிலேயர் முற்றுகையில் புதுச்சேரிக் கோட்டைக் கஜானாவில் கை வைக்கிற குறும்படம் எடுக்கிறோம். என்ன வாத்தியம்?

நல்ல காலத்தைப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். ஆகவே உங்கள் திருடனுக்கு நாள் குறைவு, பசி வேறு. பெரிய பித்தளை வாத்தியமெல்லாம் வேண்டாம், பிரெஞ்சுக்காரன் வீட்டுக்குப் பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்ட், கொஞ்சம் வயலின் வகை ஸ்ட்ரிங்ஸ், ஓபோ என்கிற ஊதுகுழல். திருடனுக்குத் தவில் கொடுங்கள். இப்படி வைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தெருவில் ஒரு ஊர்வலம், அந்தத் தவில் சத்தத்தை நம்பித்தான் இவன் சுவரில் கன்னம் வைத்து ஓட்டை போடுகிறான், தாளத்தை முடிக்கிற தீர்மானம் வாசித்து முடிந்து தவில் சட்டென்று நிற்க, ஓங்கின கடப்பாரை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பணம் குறைவென்றால் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் போட்டு, மேலே ரெண்டே ரெண்டு நிஜ வயலின் சேருங்கள். பாதி ஊர் ஏமாறும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: திருடும் நேரத்தில் இசை வேண்டுமா வேண்டாமா?

திட்டம் போடும்போது வாசியுங்கள், தப்பி ஓடும்போது வாசியுங்கள். கை பெட்டிக்குள் போகும்போது வாயை மூடுங்கள். ஒரு படத்துக்கு இரும்புப் பெட்டி திறக்கிற காட்சி, பதினாலு வயலினும் வில் இல்லாமல் விரலால் சுண்டி வாசிக்கிறோம், எறும்பு ஊர்கிற மாதிரி. மூணாவது டேக்கில் யாரோ ஒருவர் ஸ்டாண்டிலிருந்து பென்சில் உருண்டு மரத்தரையில் விழுந்தது. எல்லோருக்கும் மூச்சே நின்றுவிட்டது. இசையமைப்பாளர் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார், அப்புறம் வந்து எங்கள் நோட்டேஷனில் எட்டு பாரை, அதாவது எட்டுத் தாளக் கட்டத்தை, கோடு போட்டு அடித்துவிட்டுப் போனார். நாலாவது டேக்கில் அந்த எட்டு பாருக்கும் வயலினை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். கால்ஷீட் காசு முழுசாக வந்தது.