அட்டையின் மூலையில் நின்ற சிறுவன்

அன்புள்ள ஐயா,

கேப்டன் அமெரிக்கா என்னும் அமெரிக்கப் படக்கதை வீரனின் கதைகளைச் சிறு வயது முதல் விரும்பிப் படித்து வருபவன் நான். எட் புரூபேக்கர் 2005-இல் எழுதத் தொடங்கிய தொடரை அண்மையில் வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன, கேப்டனின் இளம் துணைவன் பக்கி பார்ன்ஸை உயிர்ப்பித்து, சோவியத் ஒன்றியத்தின் கொலையாளியாக அதில் காட்டியிருப்பது மனத்தை உறுத்துகிறது. ஒரு தேசபக்த வீரனின் கதையை இப்படிக் கறைப்படுத்தத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் கேப்டன் அமெரிக்கா இதழின் அட்டையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 1941 மார்ச் எனத் தேதியிடப்பட்டிருந்தாலும், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, 1940 டிசம்பரில் கடைக்கு வந்துவிட்ட அந்த அட்டையில் ஹிட்லரின் முகத்தில் குத்து விழுகிறது. நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. கீழே, வலது மூலையில், ஒரு சிறுவன் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் பக்கி. படைமுகாமின் செல்லப்பிள்ளையான அவனைத் துப்பாக்கிகளுக்கு நடுவே அழைத்துப் போவது தகுமா என்று அக்கதைகள் கேட்டுக்கொள்ளவில்லை.

புரூபேக்கர் கேட்டார். கொடியை உடுத்திய வீரனின் கை சுத்தமாகத் தெரியவேண்டும் என்பதற்காக, மறைவில் ஆட்களைத் தீர்த்துக்கட்டும் வேலை அந்தப் பையனிடம் தரப்பட்டிருந்தது என்று அவர் எழுதினார். பிற்பாடு சோவியத் ஒற்றர்கள் அவனிடம் வாங்கிய வேலையும் அதுவே.

உறுத்தலே இல்லாத தேசபக்தியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவனாகக் கேப்டன் அமெரிக்காவை மீட்டுக் கொண்டுவந்தபோது, 1954-இல் அவன் பெயரிலான இதழ் மூன்றே வெளியீடுகளோடு நின்றுபோயிற்று. 1972-இலோ, அந்த ஆள் அசல் கேப்டனாகிய ஸ்டீவ் ரோஜர்ஸே அல்லன் என்று கதைக்குள்ளேயே விலக்கி வைத்துவிட்டார்கள். இதற்கிடையில் கிர்பி, 1944-இல் பிரான்ஸ் போர்முனைக்குப் போய், உறைபனியில் கால்கள் பாதிக்கப்பட்டுத் திரும்பியிருந்தார். 1964-இல் ஸ்டான் லீயுடன் சேர்ந்து அவர் வரைந்த கதையில், பனிக்கட்டியிலிருந்து மீட்கப்பட்ட ஸ்டீவ் கண் விழிக்கும்போதே பக்கியின் பெயரைச் சொல்லித்தான் அலறுகிறான். புரூபேக்கர் தொட்டது அந்தப் பழைய காயத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

புரூபேக்கரின் கதையில், விரும்பியதை நடத்திவைக்கும் கனசதுரம் கைக்கு வந்த கணத்தில், தன்னைக் கொல்ல வந்த பக்கியிடம் ஸ்டீவ் வேண்டுவது, நீ யார் என்பதை நினைவுகொள் என்பதை மட்டுமே. நினைவு திரும்பும்போது, தான் கொன்றவர்களும் கூடவே திரும்புகிறார்கள் என்பதை பக்கி உணரும் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை. 2008-இல் அவனே கேப்டனாகக் கேடயத்தை ஏந்தியபோது, இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. அதை மறைக்காமல் வரைந்ததற்காகவே இத்தொடரை நான் மதிக்கிறேன்.

அன்புடன்