கீடா ஜடி: புழுவா, புல்லா? (கேள்வி பதில்)

கேள்வி: கீடா ஜடியைக் குளிர்காலத்தில் புழு, கோடையில் புல் என்கிறார்களே. ஒரே உயிரா இப்படி மாறுகிறது?

இல்லை. இதில் இரண்டு உயிர்கள், ஒன்று மற்றதைத் தின்று முடித்த நிலை. திபெத்தியப் பெயரான யார்ட்சா குன்புவுக்குத்தான் நீங்கள் சொன்ன பொருள். உத்தராகண்டின் பித்தோராகட், சமோலி மலைகளில் இதையே கீடா ஜடி என்பார்கள். புழு, திட்டாரோடஸ் என்ற அந்துப்பூச்சியினுடையது. 3,000 முதல் 5,000 மீட்டர் உயரப் புல்வெளிகளில் மண்ணுக்குள் வேரைத் தின்று சில ஆண்டுகள் புழுவாகவே கிடக்கும். அதைப் பிடிக்கும் பூஞ்சை ஓபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். 2007 வரை இதற்குப் பெயர் கார்டிசெப்ஸ் சைனென்சிஸ். மரபணு ஆய்வுக்குப் பிறகு பேரினம் மாறியது, கடை லேபிள்கள் மாறவில்லை.

கேள்வி: மண்ணுக்குள் இருக்கும் புழுவைப் பூஞ்சை எப்படிப் பிடிக்கிறது?

செத்த புழுவின் தலையில் பூஞ்சை விட்ட தண்டு ஜூலை, ஆகஸ்டில் முற்றி, அதிலிருந்து நூல் போன்ற வித்துகள் தெறிக்கும். மழைநீரோடு மண்ணில் இறங்கும். தோலுரித்த புதிதில் புழுவின் மேல்தோல் மெத்தென்று இருக்குமல்லவா, அப்போதுதான் அது எளிதில் மாட்டும். நுழைவது தோல் வழியாகவா, தின்னும் வேரோடு வாய் வழியாகவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

உள்ளே போன பூஞ்சை உடனே இழை விடாது. ஈஸ்ட் போலச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் புழுவின் ரத்தநீரில் பெருகும். இந்தக் கட்டத்தில் புழு நடமாடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு துண்டுகள் இழைகளாக நீண்டு உடலை நிரப்பும். சாவதற்கு முன் புழு மேலே ஏறி, மண்மட்டத்துக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே, தலை மேல்நோக்கி நிற்கும். அந்த நிலை பூஞ்சைக்குத்தான் வசதி. ஆழத்தில் செத்திருந்தால் தண்டு வெளிச்சத்துக்கு வந்து சேராது.

மண் உறைவதற்குள் தலையிலிருந்து ஒரு சிறு மொட்டு கிளம்பி அப்படியே நின்றுவிடும். பனி உருகியதும் மீண்டும் வளர்ந்து, மே மாத வாக்கில் கரும்பழுப்புக் குச்சியாகப் புல்லுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். தோண்டி எடுத்த புழுவை ஒடித்தால் குடலோ தசையோ இருக்காது. மேல்தோலுக்குள் கெட்டியாக வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை இழைத்திரள்தான்.

கேள்வி: எடுக்கச் சரியான பருவம் எது?

யாருக்குச் சரி என்பதைப் பொறுத்தது. வியாபாரிக்கு, தண்டு புழுவைவிடக் குட்டையாக, புழு விரலில் அழுத்தினால் உள்வாங்காமல் இருக்க வேண்டும். வித்து முற்றும்போது தண்டின் மேல்பாதி பருத்து மணல் ஒட்டியதுபோல் சொரசொரக்கும். சத்தெல்லாம் அங்கே ஏறிவிடுவதால் புழு தொளதொளத்துப் போகும், விலையும் இறங்கும். ஆக நல்ல விலைக்கு எடுப்பதெல்லாம் வித்து தெறிக்காதவை. அடுத்த தலைமுறைப் புழுக்களைப் பிடிக்க மண்ணில் வித்து குறைகிறது. 2020-இல் இது சர்வதேசச் செம்பட்டியலில் (ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியல்) அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்ந்ததற்கு மிகையான அறுவடை முக்கியக் காரணம். பருவக் கடைசியில் சில வாரம் புல்வெளியில் யாரும் தோண்டாமல் விட்டுவைப்பது எந்த விதைப்புத் திட்டத்தையும்விட மேல் என்பது என் கருத்து. தோண்டிய குழியில் புல்கட்டியைத் திருப்பி வைக்கவும் வேண்டும். வேர் காய்ந்தால் புழுவுக்கு இரை இல்லை.

கேள்வி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கால்களை எண்ணுங்கள். 8 இணை இருக்கும், நடுவில் உள்ள 4 இணை பளிச்சென்று தெரியும். உடலில் 20 முதல் 30 வரை வளையங்கள், நீளம் 3 முதல் 5 சென்டிமீட்டர். தண்டு தலையிலிருந்து முளைத்திருக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்தால் ஒட்டுவேலை கழன்றுவிடும். ஒடிந்ததைக் குச்சியால் கோப்பதும், எடை கூட்ட ஈயக்கம்பி செருகுவதும் உண்டு. பொடியாக விற்றால் இந்தச் சோதனை எதுவும் நடக்காது. அதனால் பொடியாக வாங்காதீர்கள்.

கேள்வி: நம் ஊரில் ஏசி அறையில் வளர்க்கிறார்களே, அது இதுதானா அண்ணா?

அது கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ், ஆரஞ்சு நிறம், வேறு இனம். புழு தேவையில்லை, அரிசியிலேயே வளரும். அதைக் கீடா ஜடி என்று விற்பது தவறு. ஆனால் கார்டிசெபின் என்ற பொருளுக்காகத் தேடுகிறவர்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான். இமயமலைக்காரனில் அது இல்லை என்றே சொல்லலாம்.

வளர்க்க, ஒரு பாட்டிலுக்குத் தவிடு நீக்காத அரிசி 30 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை), பெப்டோன் (செரித்த புரதம்), ஈஸ்ட் சாறு கலந்த கரைசல் 40 மில்லி. 15 பவுண்டு அழுத்தத்தில் 1 மணி நேரம் வேகவைத்து, ஆறியபின் திரவ வித்து (பூஞ்சையை வளர்த்து வைத்த கரைசல்) 5 மில்லி. ஒரு வாரம் பத்து நாள் இருட்டு, வெள்ளை படர்ந்ததும் தினம் 12 மணி நேர வெளிச்சம், 18 முதல் 22 டிகிரி. 50 முதல் 60 நாளில் அறுவடை. அடியில் புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம். பச்சை படர்ந்தால் வேகவைத்தது போதவில்லை, அல்லது வித்து விடும்போது காற்று பட்டிருக்கிறது. ஆரஞ்சாக மாறியும் தண்டு வரவில்லையா? 25 டிகிரியைத் தாண்டியதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு செய்து தாய்வித்து (வித்து எடுக்கும் மூலப் பூஞ்சை) சோர்ந்துவிட்டது, வேறு வாங்குங்கள்.

கேள்வி: தொட்டால் நமக்கும் தொற்றுமா சார்?

தொற்றாது. 18 டிகிரி வாக்கில் வளர்கிற பூஞ்சைக்கு 37 டிகிரி உடல் அடுப்பு மாதிரி.

கேள்வி: தினமும் சாப்பிடலாமா?

காட்டில் எடுத்ததை வேண்டாம் என்பேன். 2016-இல் சீன உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்தபோது கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தது. ஆரோக்கிய உணவுக்கு அங்கே வரம்பு 1 மில்லிகிராம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வளர்ப்பு வகையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.