பரீட்சை என்றாலே வயிறு கலக்குகிறது, படித்தது மறக்கிறது

கேள்வி: பாம்பனில் இருந்து ராமநாதபுரத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன செமஸ்டரில் ஓர் அரியர் விழுந்துவிட்டது. இப்போது பரீட்சையன்று பஸ் பாலத்தில் ஏறும்போதே வயிறு கலக்குகிறது, கை உதறுகிறது. வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகிறது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வருமானம் இல்லை. "நல்லதையே நினை" என்கிறார் அம்மா. என்னால் முடியவில்லை. படபடப்புக்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்கிறாள் தோழி. சாப்பிடலாமா?

பதில்: சாப்பிட வேண்டாம். ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலே வந்துவிடும். தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்றால் ஹாலில் மந்தமாக உட்கார்ந்திருப்பீர்கள். டாக்டர் பார்த்துக் கொடுக்காத எதையும் தொடாதீர்கள்.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடப்பு, கை உதறல், வயிற்றுக் கலக்கம் எல்லாம் அதனால் வருபவை. அந்த நேரத்தில் படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவதும் சிரமமாகிவிடும். ஹாலை விட்டு வெளியே வந்ததும் விடை பளிச்சென்று ஞாபகம் வருகிறதா? அப்படியானால் படித்தது எங்கும் போகவில்லை, பயம் அதை மறித்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு மூச்சு நன்றாக உதவும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள். ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பரீட்சையன்று முதல்முறையாகச் செய்தால் அவ்வளவாகப் பலன் இருக்காது. இன்றிலிருந்தே பஸ்ஸில் ஐந்து நிமிடம் பழகுங்கள். ஹாலில் மறதி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஐந்தாறு மூச்சு இப்படி விட்டபின், நன்றாகத் தெரிந்த கேள்வியில் ஆரம்பியுங்கள்.

அம்மா அன்பில்தான் சொல்கிறார். ஆனால் பயத்தை அடக்க அடக்க அது கூடத்தான் செய்யும். "முதல் மார்க் எடுப்பேன்" என்று நம்பாத ஒன்றைச் சொல்லிக்கொள்வதைவிட, "மூன்று யூனிட் எனக்கு நன்றாகத் தெரியும்" என்ற உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள். மனம் அதை ஏற்கும்.

அந்த உண்மை உங்கள் கையில் இருக்க, படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, இப்படித் தங்களையே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்புறம், இரவு முழுக்க விழித்துப் படிக்காதீர்கள். படித்தது மூளையில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். காலையில் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ உள்ளே போகட்டும். இந்த வெயிலில் தண்ணீர் பாட்டிலும் கூடவே இருக்கட்டும்.

வீட்டுக் கவலையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். உங்கள் செமஸ்டர் பரீட்சையும் அந்தச் சமயத்தில் வருகிறது. கடலோர ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார்கள். குடும்பத்தின் கஷ்டத்தை இந்த ஒரு பரீட்சையில் தீர்க்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை, மகளே. அரியரைத் திரும்ப எழுதலாம். அப்பா வீட்டில் இருக்கும் இந்த நாட்களில், பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள்.

பரீட்சை இல்லாத நாட்களிலும் படபடப்பு இருந்தால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.